நாயின் அரிப்புக்கு மருந்துக்கடை மாத்திரை: எங்கள் நிலைப்பாடு

மனிதர்களுக்காக விற்கப்படும் அலர்ஜி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாமா? நாய் வளர்ப்போரும் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்திடம் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. எங்கள் பதில் இதுதான்: கொடுக்கலாம். ஆனால் அந்த நாயைப் பார்த்த கால்நடை மருத்துவர் பெயர் சொன்ன மருந்தாக அது இருக்க வேண்டும். அந்த ஒரு மருந்து மட்டுமே அடங்கிய மாத்திரையாக இருக்க வேண்டும். நாயின் எடைக்கு அவர் கணக்கிட்டுச் சொன்ன அளவில் கொடுக்க வேண்டும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் கொடுக்கக் கூடாது. முகம் வீங்கி, வாந்தி எடுத்து, துவண்டு கிடக்கும் நாய்க்கு ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பதை நாங்கள் முற்றாக எதிர்க்கிறோம்.

எந்த மாத்திரையும் வேண்டாம் என்று ஒரே வரியில் தடை போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாததற்குக் காரணம் உண்டு. ஃபெனிரமின் என்னும் அவில், செடிரிசின், குளோர்ஃபெனிரமின் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர்களே நாய்களுக்கு எழுதித் தருகிறார்கள். நகரத்தில்கூட இரவு பதினொரு மணிக்கு நாயைப் பார்க்கும் மருத்துவர் எளிதில் கிடைப்பதில்லை. கிராமத்தில் கால்நடை மருந்தகம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். போகும் நேரத்தில் மருத்துவர் மாடு பார்க்க வெளியே போயிருப்பார். விடிய விடியச் சொறிந்துகொண்டு முனகும் நாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாருக்கும் மனம் வராது. தடை போட்டால் கொடுப்பது நிற்காது, மருத்துவரிடம் சொல்வதுதான் நின்றுபோகும். மறுநாள் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, நேற்று என்ன கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு உண்மையான பதில் வர வேண்டும். சில நேரம் அந்தப் பதிலில்தான் உயிர் இருக்கிறது.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது தனி மாத்திரை அல்ல, கலவை மாத்திரை. செடிரிசினை மட்டும் உரிய அளவில் கொடுத்து ஒரு நாய் செத்துப்போவது அரிது. சளிக்கும் மூக்கடைப்புக்கும் விற்கும் மாத்திரைகளின் கதை வேறு. அலர்ஜி மருந்தோடு பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின், சிலவற்றில் காஃபீன் என்று எல்லாம் ஒரே வில்லைக்குள் அடங்கியிருக்கும். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைச் சிதைக்கும். ஒரு கிலோ எடைக்கு 100 மி.கி. என்ற அளவிலேயே அது நஞ்சாகிறது. ஐந்து கிலோ பொமரேனியனுக்கு 500 மி.கி. மாத்திரை ஒன்றே அந்த அளவைத் தொட்டுவிடும். பூனைக்கு அதில் ஒரு துண்டுகூட எமன்தான். சூடோஎஃபெட்ரின் இதைவிடக் கொடியது. கிலோவுக்கு 5, 6 மி.கி. உள்ளே போனாலே நாய்க்குப் படபடப்பும் நடுக்கமும் தொடங்கும். 10 முதல் 12 மி.கி.யில் உயிர் போகலாம். மெதுவாகக் கரையும் 120 மி.கி. மாத்திரை ஒன்று பத்துக் கிலோ நாயைக் கொல்லப் போதும் என்பது இதன் பொருள். அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது வணிகப் பெயர். இந்த விவரமெல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

நம் ஊர் மருந்துக்கடைகளில் அந்தப் பின்பக்கமும் கைக்கு வருவதில்லை. ‘செட் மாத்திரை’ என்று நாலைந்து வில்லைகளைக் கத்தரித்து ஒரு காகித உறையில் போட்டுத் தருவது இங்கே நெடுநாள் வழக்கம். அந்த உறைக்குள் வெள்ளையாகச் சின்னதாக இருப்பது பெரும்பாலும் பீட்டாமெத்தசோன் அல்லது டெக்சாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. நாய்க்கு அரிப்பு என்று சொல்லி வாங்கும்போதும் இதே செட் வருகிறது. இரண்டு வேளையில் அரிப்பு அடங்கும். நல்ல மருந்து என்று பெயரும் வாங்கிவிடும். உள்ளே இருப்பது டெமோடெக்ஸ் பேன்சிலந்தியால் வந்த சொறி என்றால், நாயின் எதிர்ப்பாற்றலை அந்த ஸ்டீராய்டு அடக்கி, சொறி உடம்பு முழுவதும் பரவ வழி திறந்துவிடும். அதே செட்டில் வலி மாத்திரையும் சேர்ந்திருந்தால் இரைப்பையில் புண் விழும், ஓட்டைகூட விழலாம்.

இன்னொரு குழப்பம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. நாய்க்கு ஒவ்வாமை என்றால் பெனட்ரில் கொடுங்கள், ஒரு பவுண்டு எடைக்கு ஒரு மில்லிகிராம் என்று அமெரிக்க அறிவுரை ஒன்று கைப்பேசிகளில் சுற்றுகிறது. அங்கே அந்தப் பெயரில் விற்பது டைஃபென்ஹைட்ரமின் என்ற ஒரே மருந்து அடங்கிய 25 மி.கி. மாத்திரை. இங்கே அதே பெயரைச் சொல்லிக் கேட்டால் கைக்கு வருவது இருமல் சிரப். டைஃபென்ஹைட்ரமினோடு அம்மோனியம் குளோரைடும் வேறு சேர்மங்களும் அதில் உண்டு; அதே குடும்பப் பெயரில் முற்றிலும் வேறு மருந்து அடங்கிய சிரப்பும் விற்கிறது. மாத்திரைக்குச் சொன்ன கணக்கை சிரப்புக்குப் போடுவது எந்த வகையிலும் சரியல்ல. சர்க்கரை இல்லாதது என்று எழுதிய சிரப் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. இனிப்புக்காக அதில் சைலிட்டால் சேர்த்திருந்தால், கிலோவுக்கு 0.1 கிராம் அளவிலேயே நாயின் இரத்தச் சர்க்கரை சரேலென்று இறங்கி வலிப்பு வரும்.

அளவைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கால்நடை மருத்துவ நூல்கள் செடிரிசினுக்குக் கிலோவுக்கு சுமார் 1 மி.கி., டைஃபென்ஹைட்ரமினுக்கு சுமார் 2 மி.கி. என்பதைத் தொடக்கமாகக் கொள்கின்றன. அந்த எண்ணை ஒரு குறிப்பிட்ட நாய்க்குப் பொருத்துவது மருத்துவரின் வேலை. கண்ணழுத்த நோய், இதய நோய், வலிப்பு, சிறுநீர் கழிப்பதில் தடை உள்ள நாய்களுக்கும், சினை நாய்க்கும், பால் கொடுக்கும் நாய்க்கும், குட்டிகளுக்கும் அந்த எண் அப்படியே பொருந்தாது. உண்ணிக்காக அமிட்ராஸ் கலந்த நீரில் குளிப்பாட்டிய நாய்க்கு அலர்ஜி மாத்திரையும் கொடுத்தால் ஒன்றோடொன்று சேர்ந்து மயக்கம் ஆழமாகும். இதை வளர்ப்போர் பலர் யோசிப்பதே இல்லை. அளவு மிஞ்சினால் நாய் தூங்கிவழியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நேர்மாறாக, சில நாய்கள் பதறி அலையும், நடுங்கும், இதயம் தடதடக்கும், வலிப்பில் விழும்.

இவ்வளவு கவனமாகக் கொடுத்தாலும் அரிப்பு போகுமா என்று கேட்டால், பல நேரம் போகாது. மனிதரின் மூக்கொழுகலில் செடிரிசின் செய்யும் வேலையை நாயின் தோலில் எதிர்பார்க்க முடியாது. நாயின் தோல் அரிப்பில் ஹிஸ்டமினுக்கு இருக்கும் பங்கு சிறியது. பன்னாட்டு விலங்கு ஒவ்வாமை நோய்க் குழு 2015இல் புதுப்பித்த சிகிச்சை வழிகாட்டுதலும் இந்த வகை மருந்துகளின் பலன் மிதமானது என்றே சொல்கிறது. அரிப்பு கிளம்பிய பிறகு கொடுப்பதைவிட, கிளம்பும் முன்பே நாள்தோறும் கொடுத்துவருவதில்தான் ஓரளவு பயன் உண்டு என்பது அதன் கருத்து. பழைய மருந்துகளில் நாயைத் தூங்க வைக்கும் தன்மை உண்டு. தூங்கும் நாய் சொறியாது. வீட்டில் உள்ளவர்கள் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள்.

தமிழ்நாட்டு நாய் சொறிகிறது என்றால் முதலில் தேட வேண்டியது உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும்தான். காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் விலக்கிப் பார்க்க வேண்டும். அடுத்தது சொறி. வீட்டில் மனிதர்களுக்கும் கையிலும் வயிற்றிலும் அரிப்பு தொடங்கியிருந்தால் சார்கோப்டிஸ் என்ற பேன்சிலந்தியைச் சந்தேகிக்க வேண்டும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பல நேரம் அங்கேயே விடை கிடைத்துவிடும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் காதிலும் மடிப்புகளிலும் பூஞ்சை வளர்ந்து நாற்றமடிக்கும். இவை எதற்கும் அலர்ஜி மாத்திரை மருந்தல்ல. உண்ணிக் காய்ச்சலில் சோர்ந்து கிடக்கும் நாயின் சோர்வை மாத்திரை தந்த தூக்கம் என்று நினைத்து நாட்களை இழப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ஈறு வெளுத்தாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ அது தூக்கமல்ல.

சொறிக்குக் கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய் தடவும் பழக்கத்தையும் இங்கேயே கண்டிக்கிறோம். வீட்டில் மிச்சமிருக்கும் தோல் களிம்புகளும் வேண்டாம். நாய் அதை நக்கி விழுங்கும், பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது.

அவசர நிலையைப் பற்றி எங்கள் நிலைப்பாட்டில் விட்டுக்கொடுத்தலுக்கு இடமில்லை. தேனீ, குளவி, கதண்டு கொட்டியபின் முகம் மட்டும் வீங்கி, நாய் தெளிவாக நடமாடுகிறது என்றால் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து அவர் சொல்வதைச் செய்யலாம். கொட்டிய சில நிமிடங்களிலோ தடுப்பூசி போட்டு வீடு திரும்பும் வழியிலோ வாந்தி, பேதி, ஈறு வெளுப்பு, மூச்சுத் திணறல், தள்ளாட்டம் வந்தால் அது உயிர்போகும் ஒவ்வாமை. நாய்க்கு இந்த அதிர்ச்சி பெரும்பாலும் குடலையும் கல்லீரலையும்தான் முதலில் தாக்கும். அதனால் மூச்சுத் திணறல் இல்லையே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. இந்த ஒவ்வாமைக்கு வேண்டியது அட்ரினலின் ஊசியும் இரத்தநாளம் வழியாக ஏற்றும் திரவமும். மாத்திரை இரைப்பையில் கரைந்து இரத்தத்தில் சேரும் வரை அந்த உயிர் காத்திருக்காது.

இன்னொன்றை இந்த மண்ணில் யாரும் மறக்கக் கூடாது. தோட்டத்திலிருந்தோ வயல்பக்கமிருந்தோ முகம் வீங்கி வரும் நாயைப் பாம்பு கடித்திருக்கலாம். நாய் எதையும் மோந்து பார்க்கும். அதனால் கடி மூக்கிலும் உதட்டிலும் விழும். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்த வீக்கம் முதலில் பூச்சிக்கடி போலவே தெரியும். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, வலியில் தொட விடாமல் கத்தினாலோ, கடிவாயில் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தாலோ, அவில் தேடிப் பெட்டியைத் துழாவ வேண்டாம். விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள்.

மருந்துக்கடைக்காரர்களிடம் எங்கள் கோரிக்கை: நாய்க்கு என்று கேட்டால் செட் மாத்திரை தராதீர்கள். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜி அட்டவணையில் பல அலர்ஜி மருந்துகள் உள்ளன. மருத்துவ மேற்பார்வையின்றி உட்கொள்வது ஆபத்து என்று அவற்றின் மேல் அச்சிட வேண்டும் என்பது சட்டம். மனிதருக்கே அப்படி என்றால், ஐந்து கிலோ உயிருக்கு மேற்பார்வை இன்னும் அதிகம் தேவை. மருந்தின் பெயரும் அளவும் உள்ள பகுதியோடு அட்டையைக் கத்தரித்துக் கொடுங்கள். கால்நடை மருத்துவர்களிடம் கோரிக்கை: தடுப்பூசி அட்டையிலேயே இந்த நாய்க்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எதோடு சேர்க்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு வரி போதும். அரசிடம் கேட்பது: 1962 என்ற எண்ணில் மாடு, ஆடுகளுக்குக் கிடைக்கும் உதவியோடு, நாய், பூனை நஞ்சுண்ட வேளைகளில் தொலைபேசி வழியாகவே வழிகாட்டும் மருத்துவர் ஒருவர் இரவிலும் இருக்க வேண்டும்.

நாய் வளர்ப்பவர்களே, அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது நாயை எடை போடுங்கள். வீட்டில் என்றால் நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த எடையை மருத்துவரிடம் காட்டி, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கி, இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணோடு கதவின் பின்புறம் ஒட்டிவையுங்கள்.