கோலம் போடும் கைக்கு குயில்ட் வராதா என்ன?

மேல்சித்தாமூர் என்றதும் தமிழ்ச் சமணர்களின் மடமும் பார்சுவநாதர் கோயிலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். செஞ்சி வட்டாரத்துக் கிராமங்களில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். விடிந்ததும் வாசலில் கோலம். உள்ளே ரவிக்கை தைக்க ஒரு கால் மெஷின். இந்த இரண்டையும் சேர்த்தால் வருவதுதான் ‘ஃப்ரீ மோஷன் குயில்டிங்’.

பெயர்தான் புதுசு. பழம்புடவையை மடித்து, ஓட்டுத் தையல் போட்டு, குழந்தையைக் கிடத்திய பாட்டிகள் செய்ததும் குயில்ட்தான். வங்காளத்து காந்தா, கர்நாடகத்து உத்தர கன்னடப் பகுதியின் சித்தி பெண்கள் தைக்கும் கவந்தி எல்லாமே அதன் சொந்தங்கள். அவை கைத்தையல். இங்கே அதே வேலையை மெஷின் செய்கிறது, வளைந்து வளைந்து.

வழக்கமாகத் தைக்கும்போது ஊசிக்கு அடியில் இருக்கும் பல், துணியைப் பின்னால் தள்ளும். அதனால் தையல் நேராகப் போகும். அந்தப் பல்லை இறக்கிவிட்டால் துணி உங்கள் கைக்கு வந்துவிடும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் தையல் அந்தப் பக்கம் போகும். வளையம் மாட்டி ரவிக்கையில் எம்ப்ராய்டரி போடும் டெய்லர்களுக்கு இது புதிதே இல்லை. பல்லை இறக்க வசதி இல்லாத மெஷினா? தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும்.

சிக்கல் ஒன்றுதான். கோலத்தில் தரை நிற்கும், கை நகரும். இதில் ஊசி நிற்கும், துணி நகரும். பழக ஒரு வழி: பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் காகிதத்தை நகர்த்தி ஒரு சிக்குக் கோலம் போட்டுப் பாருங்கள். முதல் நாள் சிரிப்புதான் வரும்! கை எடுக்காமல் போட முடிந்த பிறகு மெஷினுக்கு வரலாம்.

ஓர் அடிச் சதுரத்தில் மூன்று அடுக்கு. மேலே பருத்தித் துணி, நடுவில் பழைய பெட்ஷீட், கீழே பழைய வேட்டி. நம்மூர் வெயிலுக்கு இந்தக் கனமே தாராளம். நான்கு விரல் இடைவெளியில் ஊக்கு குத்துங்கள். தையல் அருகே வரும்போது ஊக்கைக் கழற்றிவிட வேண்டும். 14-ம் நம்பர் ஊசி சரியாக இருக்கும். சாதாரண புட்டைக் கழற்றி டார்னிங் புட் மாட்டுவது விரலுக்கும் பாதுகாப்பு.

பலர் இடறுவது இங்கேதான்: புட்டை இறக்கும் லீவரை மறந்துவிடுவார்கள். லீவர் மேலேயே இருந்தால் மேல் நூலுக்கு இழுவிசை இருக்காது. துணியைத் திருப்பினால் அடியில் காக்கைக் கூடு. அதேபோல, தொடங்கும் முன் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றி பாபின் நூலை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேகம். கால் வேகமாகவும் கை மெதுவாகவும் இருந்தால் தையல் பொடிப் பொடியாக நெருங்கிவிடும். கால் மெதுவாகி கை ஓடினால் நீள நீளமாக இழுக்கும். அங்குலத்துக்கு எட்டு முதல் பத்து தையல் விழுந்தால் நல்ல கை. சொல்லப்போனால், மோட்டார் மெஷினைவிடக் கால் மெஷின்தான் இதற்குத் தோது. மிதியைப் பின்பக்கமாக மட்டும் விட்டுவிடக் கூடாது, நூல் அறுந்துவிடும்.

அமெரிக்காவில்கூட மெஷினில் தைத்தால் குயில்ட்டே இல்லை என்று ஒரு காலத்தில் முகம் சுளித்தார்கள். 1989-ல் கேரில் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் தைத்த குயில்ட், கென்டகியின் படுகா கண்காட்சியில் முதல் பரிசை வென்றபோது பெரிய சர்ச்சையே எழுந்தது. இப்போது அது வழக்கமாகிவிட்டது. சென்னையிலும் 2019-ல் இந்தியா குயில்ட் திருவிழா நடந்தது.

தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசமாகத் தையல் மெஷின் பெற்ற பெண்கள் பலர். ரவிக்கை ஆர்டர் குறையும் மாதங்களில் குஷன் உறை, குழந்தை விரிப்பு என்று அதே மெஷினில் தைத்துப் பார்க்கலாம். பெரிய போர்வைக்கு அவசரப்படாதீர்கள். மெஷின் கைக்கு அடியில் அவ்வளவு துணி நுழையாது. சதுரம் சதுரமாகத் தைத்துப் பிறகு இணைப்பதே சுலபம்.

அம்மாவின் பழைய புடவையை எடுத்து உடனே ஆரம்பிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம். நெருங்கிய தையலைப் பிரித்தால் நைந்த துணி கிழிந்துவிடும். அந்தப் புடவைக்கு மாற்றும் கிடையாது. பத்து சதுரங்கள் கழித்து அதைத் தொடுங்கள். கோணலாக வந்த அந்தப் பத்தும் வீணாகாது. சூடான குக்கருக்கு அடியில் போட அதைவிட நல்ல துணி எங்கே கிடைக்கும்?