பவழத்திற்குக் காவல் வைரஸ்!

வைரஸ் என்றாலே நோயென்று நடுங்குகிறோம். லத்தீனில் அச்சொல்லுக்கு விஷமென்றே அர்த்தம். பெயரைக் கொண்டு குணத்தை நிச்சயிக்கும் வழக்கம் நமக்குப் புதிதா என்ன? பவழப்பூச்சியின் மேற்சளியில் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்கள் நெருங்க ஒட்டியிருக்கின்றன. இப்படிச் சளியிலிருப்பவை பிராணிகளின் உடம்புக்குக் காவலாகுமென்று 2013-ல் சான் டியேகோ விஞ்ஞானிகள் பரீட்சை செய்து எழுதினார்கள்.

ஆனால் மீனை அரித்தெடுத்துவிட்டுச் சாக்கடையையும் கடலில் விட்டால் பாசி மண்டுகிறது. பாசியின் கசிவைத் தின்று பாக்டீரியா பெருகுகிறது. பெருகினால் வைரசுக்கு நல்ல வேட்டைதானே என்பீர்கள். அதுதான் இல்லை! அப்போது பல வைரஸ்கள் கொல்லுவதை விட்டு, பாக்டீரியாவுக்குள்ளேயே குடிபுகுந்து, நோயுண்டாக்கும் மரபணுக்களையும் அதற்குக் கொடுத்துவிடுகின்றனவாம். இது 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சி. காவற்காரன் கள்ளனோடு கூடிவிட்டான். தோழர்களே, கூட்டிவைத்தது கிருமியா? வலையும் சாக்கடையும் கிருமிக்கு ஏது?