கோப்பை இங்கிலீஷ் பாட்டுக்கு... கைத்தட்டல் கிரேக்கப் பாட்டுக்கு! - ஹெலெனா பாபரிஸூவின் 20 வருடக் கணக்கு

2005, மே 21. உக்ரைனின் கீவ் நகரம். 39 நாடுகள் வரிசையாக லைனில் வந்து மார்க் போடுகின்றன. ஒவ்வொரு நாடும் தனக்கு ரொம்பப் பிடித்த பாட்டுக்கு 12 புள்ளி தரும். அன்றைக்கு கிரீஸுக்கு 12 கொடுத்த நாடுகள் மொத்தம் பத்து. சைப்ரஸ் கொடுத்தது. அதை விடுங்கள், அது சொந்தக்காரர் வைக்கிற மொய் மாதிரி, வருஷா வருஷம் வரும். ஜெர்மனி, பெல்ஜியம், ஸ்வீடன் கொடுத்தன. பிரிட்டன் கொடுத்தது. கிரீஸோடு பல தலைமுறைப் பகை பேசுகிற துருக்கியும் 12 கொடுத்தது!

மொத்தம் 230 புள்ளிகள். இரண்டாவது வந்த மால்டாவுக்கு 192. யூரோவிஷன் என்ற அந்தப் பிரமாண்ட பாட்டுப் போட்டியில் கிரீஸ் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1974-ல். 31 வருடம் கழித்து முதல் கோப்பை. வாங்கிக் கொடுத்தவர் 23 வயது ஹெலெனா பாபரிஸூ. பாட்டு, 'மை நம்பர் ஒன்'.

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். கிரேக்க மொழியின் மிகப் பிரபலமான பாப் பாடகிகளில் ஒருவருக்குக் கிடைத்த மிகப் பெரிய அங்கீகாரம், ஓர் இங்கிலீஷ் பாட்டுக்கு!

அந்தக் கோப்பைக்கு 20 வயது தாண்டிவிட்டது. கிரீஸ் இன்னொரு கோப்பை வாங்கவில்லை. அதனால் ஒவ்வொரு மே மாதமும் அந்தப் பழைய வீடியோ மறுபடி டைம்லைனில் ஏறும். கமென்ட்ஸில் அதே சண்டை வரும். 'இங்கிலீஷில் பாடினதாலதான் ஜெயிச்சாங்க' என்று ஒரு கோஷ்டி. 'அந்த ட்யூன் பக்கா கிரேக்கம்தானே' என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால், ரெண்டு பேருமே அவருடைய கரியரின் முக்கால்வாசியைப் பார்க்கவில்லை என்பதுதான் என் கட்சி.

அங்கே ஹெலெனா, இங்கே எலெனா

பாபரிஸூ பிறந்தது கிரீஸில் இல்லை. ஸ்வீடனில், பூரோஸ் என்ற துணி மில்களுக்குப் பேர்போன ஊரில், 1982-ல். அப்பா அம்மா கிரீஸிலிருந்து குடியேறியவர்கள். வீட்டில் கிரேக்கம், ஸ்கூலில் ஸ்வீடிஷ். ஸ்வீடனில் அவர் ஹெலெனா. கிரீஸில் அந்த 'ஹ' உதிர்ந்து எலெனா ஆகிவிடும்.

முதல் வெற்றியும் ஸ்வீடனில்தான். நிக்கோஸ் பனாஜியோடிடிஸ் என்ற நண்பரோடு சேர்ந்து 'ஆன்டிக்' என்ற இரண்டு பேர் குழு. 1999-ல் 'ஓபா ஓபா' என்ற கிரேக்கப் பாட்டை டான்ஸ் பீட்டில் போட்டார்கள். ஒரு வார்த்தை புரியாமல் ஸ்வீடன்காரர்கள் ஆடினார்கள்.

2001-ல் கோபன்ஹேகனில் நடந்த யூரோவிஷனுக்கு கிரீஸ் இந்த ஜோடியை அனுப்பியது. பாதி இங்கிலீஷ், பாதி கிரேக்கம் என்று ஒரு பாட்டு. மூன்றாவது இடம். அதற்கு முன்னால் கிரீஸ் எட்டிய உயரம் ஐந்தாவது இடம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் போட்டியில் பல வருடங்களாக, அவரவர் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி இருந்தது. 1999-ல் அதைத் தூக்கிவிட்டார்கள். உலகத்தில் கிரேக்கம் பேசுகிறவர்கள் சுமார் ஒன்றேகால் கோடிப் பேர். அத்தனை சின்ன மொழிக்கு விதி இருந்தவரை ஐந்தாவது இடம், விதி போனதும் மூன்று, மறுபடி மூன்று (2004-ல் சாகிஸ் ரூவாஸ்), அப்புறம் நேராக முதலிடம். 'இங்கிலீஷ்தான் காரணம்' கோஷ்டிக்கு இது வலுவான சாட்சி.

ஆனால் வீடியோவை ஒருமுறை சவுண்டை ஏற்றி வைத்துப் பாருங்கள். வார்த்தைதான் இங்கிலீஷ். பாட்டின் நடுவில் லைரா வருகிறது. வில் வைத்து வாசிக்கிற, கிரேக்கத் தீவுகளின் சின்ன நரம்பு வாத்தியம். அந்த இடத்தில் ஹெலெனாவே வாத்தியமாக நிற்க, டான்ஸர்கள் அவரை 'வாசிக்கிற' மாதிரி ஒரு ஸ்டெப் வரும். இசை கிறிஸ்டோஸ் தாண்டிஸ், வரிகளில் நடாலியா ஜெர்மானூ. ரெண்டு பேரும் ஏதென்ஸ் பாப் உலகத்தின் ஆட்கள். துருக்கியின் 12 புள்ளி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எனக்கு இந்த லைராதான் தோன்றுகிறது. அந்தச் சத்தம் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் காதுக்கும் பழகினதுதான்.

ஜெர்மனி, ஸ்வீடன், பெல்ஜியத்தின் 12 வேறு கதை. 1960-களிலும் 70-களிலும் வேலை தேடிப் போன கிரேக்கக் குடும்பங்கள் அங்கே நிறைய. சொந்த நாட்டுக்கு வோட்டு போட முடியாது என்பது போட்டியின் விதி. ஆனால் நீங்கள் ஸ்டாக்ஹோமில் இருந்துகொண்டு ஏதென்ஸுக்குத் தாராளமாகப் போடலாம். 2005-ல் முடிவைத் தீர்மானித்தது அநேகமாக மக்களின் போன் வோட்டுதான். குடியேறியவர்களின் மகள் மேடையில், குடியேறியவர்கள் போன் முன்னால். எல்லாமே அவர்கள் வோட்டு இல்லை, ஆனால் அந்த இரவில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது.

நல்ல காலத்தின் போட்டோ

2004 ஜூலையில் கிரீஸ் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை ஜெயித்தது. யாருமே எதிர்பார்க்கவில்லை. ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். 2005 மே மாதம் ஹெலெனா. அதே வருடம் செப்டம்பரில் ஐரோப்பிய பாஸ்கெட்பால் கோப்பை. பதினைந்து மாதத்துக்குள் இத்தனை! தெருவில் இறங்கிக் கொடி ஆட்ட ஒரு நாட்டுக்கு இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

அடுத்த சில வருடங்களில் கடன் நெருக்கடி. சம்பளம் வெட்டு, பென்ஷன் வெட்டு, ஊரைவிட்டுக் கிளம்பிய இளைஞர்கள். அதனால்தான் அந்த 2005 கோப்பை வெறும் பாட்டுக் கோப்பையாக இல்லை. 'நாம நல்லா இருந்தப்போ' என்று சட்டம் போட்டு மாட்டிய போட்டோ அது. போட்டோவின் நடுவில் ஹெலெனா நிற்கிறார். எத்தனை புதுப் பாட்டு பாடினாலும் ஜனங்கள் அந்தப் போட்டோவைத்தான் கேட்பார்கள். பாடகிக்கு இது பெருமையும்தான், பாரமும்தான்.

ஐரோப்பா அவரைக் கொண்டாடாமல் இல்லை. 2005 அக்டோபரில், யூரோவிஷனின் 50 வருட விழாவில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த பாட்டுக்கு ஒரு தேர்தல் வைத்தார்கள். ஆபாவின் 'வாட்டர்லூ' முதலிடம். சில மாதம்கூட வயசாகாத 'மை நம்பர் ஒன்' நான்காவது! சொந்த நாட்டு எல்லை தாண்டி விற்கிற புது ஆல்பங்களுக்கான 'யூரோப்பியன் பார்டர் பிரேக்கர்ஸ்' விருதும் வந்தது. 2006 யூரோவிஷன் ஏதென்ஸில் நடந்தபோது, சொந்த ஊர் மேடையில் நின்று, ராட்சச முகமூடியோடு வந்த ஃபின்லாந்தின் லார்டி குழுவிடம் கோப்பையை ஒப்படைத்தார்.

2006-ல் 'தி கேம் ஆஃப் லவ்' என்ற இங்கிலீஷ் ஆல்பம். இனி உலக மார்க்கெட் என்பது திட்டம். ஆனால் அவர் கரியர் அந்தப் பாதையில் போகவில்லை. அதே வருடமே 'இபார்ஹி லோகோஸ்' என்ற கிரேக்க ஆல்பத்தோடு வந்தார். 'காரணம் இருக்கிறது' என்று அர்த்தம். என்ன காரணம் என்று கேட்டால், ஏதென்ஸின் ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தட்டில் வரும் பூ

ஏதென்ஸில் ஒரு பாடகரின் மார்க்கெட்டை அளக்க விருது லிஸ்ட் தேவையில்லை. 'பூசூகியா' என்று சொல்லப்படும் பெரிய பாட்டு கிளப்களின் வாசல் போர்டைப் பார்த்தால் போதும். குளிர்காலம் முழுக்க, வாரக் கடைசிகளில், நள்ளிரவு தாண்டி விடியும்வரை அங்கே கச்சேரி நடக்கும். போர்டில் யார் பெயர் மேலே, யாருடையது எவ்வளவு பெரிய எழுத்தில் என்பதெல்லாம் பேரம் பேசி முடிவாகிற விஷயம். 'முதல் பெயர்' என்பது அங்கே ஒரு பதவி மாதிரி. நம்ம சினிமா போஸ்டர் சண்டை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உள்ளே இன்னும் சுவாரஸ்யம். தட்டுத் தட்டாகக் கார்னேஷன் பூ விற்பார்கள். காசு கொடுத்து வாங்கி, பிடித்த பாடகர் மேல் வீசுவார்கள். தட்டு உடைக்கிற பழக்கம் பழங்கதை, இப்போது பூதான். எந்தப் பாட்டுக்கு மேடை பூவால் மூடுகிறதோ அந்தப் பாட்டு பாஸ். ஜூரி கிடையாது, பிளாக் மெயில் பண்ணி வாங்கவும் முடியாது. ரசிகன் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்து, நேராக முகத்துக்கு முன்னால் தருகிற மார்க் அது.

அந்த மேடையில் இங்கிலீஷ் எடுபடாது. விடிகாலை மூன்று மணிக்கு, ஒரு பிரிவுப் பாட்டுக்கு மொத்த டேபிளும் எழுந்து கூடவே பாட வேண்டும் என்றால் அது தாய்மொழியில்தான் முடியும். ஸ்வீடனில் வளர்ந்த பெண் இந்த மேடையில் 'முதல் பெயர்' ஆனார். கீவ் கோப்பையைவிட இது கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். கோப்பைக்கு மூன்று நிமிடம் போதும். இங்கே சீஸனுக்குச் சீஸன் நிரூபிக்க வேண்டும்.

கிரேக்க மொழி விருதுகளும் குவிந்தன. கிரீஸின் எம்டிவி மாதிரி இருந்த மேட் சேனல் 2004-ல் ஆரம்பித்த வீடியோ மியூசிக் விருதுகளில், மிக அதிகமாக வாங்கியவர்கள் வரிசையில் இவர் இருக்கிறார். ரசிகர் வோட்டில் முடிவாகிற விருது என்பதால், 'ஃபேன்ஸ் இருந்தா யாருக்கும் கிடைக்கும்' என்று சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் வருடக்கணக்கில் அந்த ஃபேன்ஸைத் தக்கவைப்பது சும்மாவா?

பிளாட்டினம் கேடயங்கள் கதைதான் கொஞ்சம் பரிதாபம். சிடி விற்பனை சரியச் சரிய, கிரீஸில் கோல்டு, பிளாட்டினத்துக்கான எண்ணிக்கையைப் பலமுறை குறைத்தார்கள். நெருக்கடிக் காலத்தில் நியூஸ் பேப்பரோடு புது ஆல்பத்தை இலவசமாகக் கொடுத்தார்கள் பல பாடகர்கள். கேடயம் அதே பளபளப்புதான். 1990-களின் பிளாட்டினமும் 2010-ன் பிளாட்டினமும் ஒன்று இல்லை. இப்போது வியூஸ் எண்ணிக்கையை வைத்துப் பெருமை பேசுகிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எந்தப் படியில் உட்கார வைப்பது?

கிரீஸில் இன்னொரு பிரச்னையும் உண்டு. அங்கே பாட்டுக்குள் ஜாதி இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற கவிஞர்களின் வரிகளுக்கு மிக்கிஸ் தியோடொராகிஸ் இசையமைத்த ரகம் மேல்தட்டு. கிளப்பில் பூ வாங்குகிற ரகம் கீழ்த்தட்டு. விமர்சகர்களின் பாராட்டு முதல் ரகத்துக்கு, கூட்டம் இரண்டாவது ரகத்துக்கு. பாபரிஸூவுக்கு எத்தனை விருது வந்தாலும் அந்த மேல்படியில் அவரை யாரும் உட்கார வைத்ததில்லை. அவரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நானா மூஸ்கூரி இருக்கிறார். கிரீட் தீவில் 1934-ல் பிறந்தவர். கிரீஸிலிருந்து வெளியே போய், பிரெஞ்சு, ஜெர்மன், இங்கிலீஷ் என்று பல மொழிகளில் பாடி உலகப் பாடகி ஆனார். 1963 யூரோவிஷனில் அவர் பாடியதே லக்ஸம்பர்க் சார்பில்தான்! பிறகு யுனிசெஃப் நல்லெண்ணத் தூதர், ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் என்று அங்கீகாரம் வேறு தளத்துக்குப் போனது. ஹெலெனாவின் ரூட் அப்படியே தலைகீழ். வெளியே பிறந்து, உள்ளே வந்து, கிரேக்கத்தில் பாடி, அங்கேயே தங்கினார்.

பிறந்த மண்ணிலும் ஒருமுறை முயன்றார். யூரோவிஷனுக்குப் பாட்டைத் தேர்ந்தெடுக்க ஸ்வீடன் நடத்தும் மெலோடிஃபெஸ்டிவாலனில் 2014-ல் 'சர்வைவர்' பாடினார். இரண்டாம் வாய்ப்புச் சுற்று வழியாக ஃபைனலுக்கு வந்து நான்காவது இடம். ஏற்கெனவே யூரோவிஷன் ஜெயித்தவர், வேறு நாட்டின் உள்ளூர்ச் சுற்றில் புது ஆட்களோடு வரிசையில் நின்று மார்க்குக்காகக் காத்திருந்தார். இதை 'இறங்கிட்டாங்க' என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது தைரியமாகத்தான் தெரிகிறது. 2017-லிருந்து 'தி வாய்ஸ்' கிரீஸ் நிகழ்ச்சியில் கோச் நாற்காலி. மார்க் வாங்கியவர், மார்க் போடுகிற பக்கம் வந்துவிட்டார்.

அவருக்குப் பிறகு யூரோவிஷனில் கிரீஸுக்குக் கிடைத்த சிறந்த இடம் 2008-ல் கலோமிராவின் மூன்றாவது இடம். அவரும் வெளிநாட்டில், அமெரிக்காவில் பிறந்தவர். பாட்டும் இங்கிலீஷ். சமீபத்தில் காற்று மாறியிருக்கிறது. 2024-ல் மரீனா சாட்டி கிரேக்கத்தில் 'ஸாரி' பாடினார், 11-வது இடம். இவர் அப்பா சூடான் நாட்டுக்காரர். 2025-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில், பெரிய கண்ணாடி போட்ட கிளாவ்டியா, டான்ஸ் எதுவும் இல்லாமல், அகதிகளின் பிரிவைப் பற்றி கிரேக்கத்தில் 'அஸ்டெரோமாடா' பாடினார். ஆறாவது இடம். இத்தாலி, உக்ரைன், போர்ச்சுகல், செர்பியா எல்லாம் சொந்த மொழியிலேயே ஜெயித்துக் காட்டிவிட்டன.

கிரீஸுக்கு அது இன்னும் நடக்கவில்லை. ஜெயித்தவர்கள் பட்டியலில் அந்த நாட்டுக்கு நேராக இன்றைக்கும் ஒரே பெயர், ஒரே இங்கிலீஷ் பாட்டு. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர், அதற்கப்புறம் வந்த 20 வருடத்தில் பெரும்பகுதியைக் கிரேக்கத்தில்தான் பாடிக்கொண்டிருக்கிறார்.