வாரம் ஒரு மணி நேரம்

உங்கள் ஊரில் நூல் நிலையம் இருக்கிறதா?

"இருக்கிறது" என்பீர்கள். எங்கே என்று கேட்டால் வழியும் சொல்வீர்கள். கடைசியாக எப்போது உள்ளே போனீர்கள் என்று கேட்டால்தான் பதில் வர நேரமாகும்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போனாலும் போகாவிட்டாலும் அந்த நூல் நிலையத்துக்கு நாம் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது. ரூபாய்க்கு 10 காசு வீதம் அந்த வரி. வாடகைக்குக் குடியிருப்பவர் கட்டவில்லையா? அவர் கொடுக்கும் வாடகையில் அதுவும் அடக்கம்.

ஆகவே, நூல் நிலையம் யாரோ நமக்குப் போட்ட பிச்சை அல்ல. நம் காசில் நடக்கும் நம் வீடு. சொந்த வீட்டைக் கட்டிவிட்டுத் தெருவில் படுப்பவர் உண்டா?

பாடுபட்டவர்கள்

இந்த ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தார். நூலும் வாசகரும் சந்திக்க வேண்டும், அதற்குத் தடையாக நிற்பது எதுவானாலும் விலக வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரும் நண்பர்களும் 1928-ல் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் பாடுபட்டார்கள்.

அதன் பலனாக 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படிப்பட்ட சட்டம் செய்த முதல் மாகாணம் நம் சென்னை மாகாணமே!

சட்டம் வரும்வரை மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் 1931-லேயே மாட்டு வண்டியில் புத்தகம் போயிற்று. எஸ்.வி.கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. நூல் நிலையத்துக்கு வர முடியாத கிராமத்தாரைத் தேடி நூல் நிலையமே புறப்பட்டது.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். 1933-ல் கே.எம்.செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுத்தார். ஊரார் கை கொடுத்தார்கள். சிறு செடி ஆலமரமாயிற்று. அதுதான் யாழ்ப்பாணம் பொது நூல் நிலையம். 1981-ல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின. உலகெங்கும் தமிழர் நெஞ்சம் பதறியது.

எரிந்த நூல் நிலையத்துக்காக அழுதோம். எரியாமல் நம் தெருவிலேயே நிற்கும் நூல் நிலையத்துக்கு என்ன செய்கிறோம்?

ஒருவர் எத்தனை வேலை செய்வார்?

ஊர்ப்புற நூல் நிலையங்கள் பலவற்றில் ஒரே ஒரு நூலகர்தான் இருக்கிறார். கதவைத் திறப்பவர் அவரே. பத்திரிகைகளை விரிப்பவர் அவரே. உறுப்பினர் சேர்ப்பது, புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அடுக்குவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவரே. குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்ல அவருக்கு நேரம் ஏது?

புரவலராகச் சேர்ந்து பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டுவோம். ஆனால் பணம் இல்லாதவரிடமும் ஒரு செல்வம் உண்டு. அதுதான் நேரம். வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

என்ன செய்யலாம்?

பாட்டிமார்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாம். கதை முடிந்ததும் அதைப் போன்ற கதையுள்ள புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். காலை முதல் மாலை வரை அவர்கள் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்கள்!

கல்லூரி மாணவர், கண் பார்வை இல்லாதவருக்குப் படித்துக் காட்டலாம். கட்டுக் கட்டத் தெரிந்தவர், கிழிந்த புத்தகங்களைத் தைத்துக் கொடுக்கலாம்.

எழுத்துக் கூட்டிப் படிப்பவரா நீங்கள்? உங்களுக்கும் அங்கே இடம் உண்டு. பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றை எடுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் டீக்கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். கேட்டவர்களில் பலர் பின்னாளில் தாமே படித்தார்கள்.

இதையெல்லாம் முறையாகச் செய்ய, நூல் நிலையங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. உங்கள் ஊரில் அது நடக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். பெயரளவில் இருந்தால் உயிர் கொடுங்கள். இல்லாவிட்டால் பத்துப் பேராகச் சேர்ந்து தொடங்குங்கள்.

எது நல்ல விழா?

வாசகர் வட்டம் என்றதும் சிலருக்கு மேடையும் மாலையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆறு பேர் பேசுவார்கள். ஆறு பேருக்கும் பொன்னாடை. படம் எடுத்ததும் கூட்டம் கலைந்துவிடும். அலமாரியை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்!

நல்ல விழாவை அளக்க எளிய படி ஒன்று உண்டு. அன்று மாலை எத்தனை புத்தகங்கள் அலமாரியை விட்டு வீட்டுக்குப் போயின? எத்தனை பேர் புதிதாக உறுப்பினர் ஆனார்கள்? இந்த இரண்டு கணக்கையும் பாருங்கள். பேச்சாளரே இல்லாமல் பத்துப் பிள்ளைகள் பத்துப் புத்தகம் எடுத்துப் போனால், அதுவே சிறந்த விழா.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். சமையல் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லையே என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை. எந்த நேரம் வசதி என்று முதலில் அவர்களைக் கேளுங்கள்.

தொண்டு வேறு, கடமை வேறு

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தொண்டர்கள் வந்துவிட்டார்கள், இனி நூலகர் எதற்கு என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. வரி வாங்கிய பிறகு நூலகரை நியமிப்பதும், அவருக்குச் சரியான சம்பளம் கொடுப்பதும், புது நூல்கள் வாங்குவதும், ஒழுகும் கூரையைச் சரி செய்வதும் அரசாங்கத்தின் கடமை. தொண்டு அந்தக் கடமைக்குத் துணை. அதற்குப் பதில் அல்ல.

உண்மையில், தொண்டு செய்பவர்தான் கடமையையும் கேட்க முடியும். யாரும் எட்டிப் பார்க்காத நூல் நிலையம் பூட்டிக் கிடந்தால் கேட்க ஆள் இல்லை. தினமும் ஐம்பது பேர் வந்து போகும் நூல் நிலையத்தை ஒரு நாள் திறக்காமல் விட்டுப் பாருங்கள். மறுநாளே மனு போகும்!

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் கொண்டாடுகிறோம். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே குடும்பத்தோடு போங்கள். குழந்தையின் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை வாங்குங்கள். திரும்பும்போது நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்: "அடுத்த வாரம் ஒரு மணி நேரம் வருகிறேன். எனக்கு என்ன வேலை?"