ஸ்டேஷனும் ஜனங்களும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வானம் பார்த்த பூமி. மழையைப்போலவே ரயிலும் அங்கே வெகுகாலம் காக்கவைத்துத்தான் வந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-லேயே இருப்புப்பாதை போட்ட அன்னியக் கம்பெனி, துறைமுகத்துக்குச் சரக்குப் போகும் வழியைக் கவனித்ததேயன்றி, பக்கத்திலிருந்த நெசவாளர் ஊரைக் கவனிக்கவில்லை. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு 1963-லும், அங்கிருந்து திருச்சுழி வழியாக மானாமதுரைக்கு 1964-லுமே வண்டி ஓடிற்று. ரமண மகரிஷி 1896-ல் மதுரையில் ரயிலேறி அருணாசலம் சென்றவர். அவர் பிறந்த திருச்சுழிக்கு ரயில் வந்தபோது, அவர் சமாதியடைந்து பதினான்கு வருஷங்கள் ஆகியிருந்தன!

ஸ்டேஷன் என்பது டிக்கெட் விற்கும் கட்டடம் மாத்திரமன்று. பல ஊரார், பல ஜாதியார் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உட்காரும் இடம் அது. (அதன் சாப்பாட்டு அறைகளில் பிராமணர், பிராமணரல்லாதார் என்று பலகை தொங்கிய காலமும் உண்டு, மறைப்பதற்கில்லை.) 1921-ல் ரயிலில் மதுரைக்கு வந்த மகாத்மாவிடம், கதர் வாங்கத் தங்களுக்குச் சக்தியில்லை என்று கூட வந்த ஜனங்கள் சொன்னார்கள். மதுரையில் அவர் அரைத்துணி பூண்டார். மேடையில் கிட்டாத சேதி வண்டிப் பெட்டியில் கிட்டிற்று.

இப்பாதை 2013-ல் அகலப்பாதையாயிற்று, சந்தோஷமே. ஆயினும் அருப்புக்கோட்டையார் ரயிலில் மதுரை செல்ல இன்றும் விருதுநகரையோ மானாமதுரையையோ சுற்றவேண்டும். ஆஸ்பத்திரிக்கும் கலாசாலைக்கும் போகிறவர்கள் பஸ்ஸையே நம்புகிறார்கள். மதுரையையும் தூத்துக்குடியையும் அருப்புக்கோட்டை வழியே நேராகச் சேர்க்க 2011-12 பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. சுமார் 143 கிலோமீட்டரில் இதுவரை அமைந்தது, தூத்துக்குடிப் பக்கம் மீளவிட்டான் முதல் மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டர்! இந்த வேகத்துக்கு மாட்டுவண்டியே மேல்.

இதனிடையே இதே ஜில்லாவில் இ.குமாரலிங்கபுரத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட ஜவுளிப் பூங்கா 2023-ல் அறிவிக்கப்பட்டது. ஆலைகள் வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் பஞ்சு மூட்டைக்குத் தண்டவாளம் கேட்கப் பலர் முன்வருவார்கள். காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பத் தொழிலாளிக்கு வண்டி கேட்பவர் யார்? 1876-ல் கம்பெனி செய்ததைச் சுதந்திர நாட்டில் நாமே செய்யலாமா?

இவ்வட்டாரத்துச் சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்களும் நகரசபையாரும் உடனே கூடி, நேர்பாதை வேலையை முடிக்கும்படியும், வேலை நேரத்துக்கு இசைந்த பாஸஞ்சர் வண்டிகளைச் சிறு ஸ்டேஷன்களில் நின்றுபோகும்படி விடவும் ரயில்வே அதிகாரிகளுக்கு எழுதவேண்டும். அவ்விண்ணப்பத்தில் ஆலை முதலாளிகளின் கையெழுத்தோடு நெசவாளிகளின் கைநாட்டும் இருக்கட்டும்.