கந்தலுக்கு விலை உண்டு, கைகளுக்கு?

தாராவி தையல் பட்டறைகளில் விழும் 'சிந்தி'த் துணியைக் குப்பை என்பார்கள். குப்பையல்ல, பெரும் வியாபாரம்! பானிபட்டில் பழைய கம்பளி உடுப்புகளைக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். நம் திருப்பூர் பனியன் கழிவும் மில்லுக்குப் போய் மீண்டும் நூலாகிறது. நாட்டில் ஆண்டுக்கு 78 லட்சம் டன் துணிக்கழிவு சேருவதாக 2022-ல் வந்த ஓர் ஆய்வு கூறியது.

இத்தனைக்கும் முதல் படி, கையால் பிரிப்பதுதான். பருத்தி வேறு, பாலியஸ்டர் வேறு, நிறம் வேறு என்று பிரித்தால்தான் மூட்டைக்கு நல்ல விலை. பிரிப்பவருக்கு மிஞ்சுவது தூசியும் இருமலும்.

தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ல் கணக்கெடுப்பு தொடங்கியது. வீட்டுக்கும் கடைக்கும் இடம் பேசுகிறார்கள். நாள்கூலிக்குக் கந்தல் பிரிப்பவர் காட்டப் பத்திரம் ஏது? பட்டறை இடம் பெயர்ந்தால் அவர் பிழைப்பும் போய்விடும். அவருக்கும் தொழிலிடமும் நியாயக் கூலியும் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும்.