அப்பா கேட்ட கேள்வி

போன எபிசோட்டில், பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 எஞ்சினை வீட்டு கராஜில் பிரித்துத் திரும்பக் கட்டின கதையைச் சொன்னேன். அதில் ஒரு பகுதியை வேணுமென்றே விட்டுவிட்டேன். வெட்கம்தான் காரணம். ஆனா நான் சொல்ல நினைக்கிற விஷயமே அதிலதான் இருக்கு.

முதலில் எஞ்சின் பக்கம் போகாத ஆக்களுக்கு: கிராங்க்ஷாஃப்ட் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுத்துறதில்லை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கு, சுமையைத் தாங்குறது அதுதான். அந்த எண்ணெய்க்கு விடுற இடைவெளிதான் கிளியரன்ஸ். பொதுவான கணக்கு, ஜேர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 45 மி.மீ. ஜேர்னல் என்றால் கிட்டத்தட்ட 0.045 மி.மீ., தலைமுடித் தடிப்புக்கும் குறைவு. இடைவெளி குறைந்தால் படலத்துக்கு இடமில்லை, சூடேறிப் பிடிக்கும். கூடினால் எண்ணெய் பக்கத்தால் வழிந்து பிரஷர் விழும், எஞ்சின் தட்டத் தொடங்கும்.

வீட்டில் இதை அளக்க பிளாஸ்டிகேஜ் இருக்கு. மெழுகு மாதிரி ஒரு இழை, விலை சில பவுண்டுதான். ஜேர்னலில் இருக்கிற எண்ணெயை வடிவாத் துடைத்து, இழையை அச்சுக்கு நேராக நீளவாக்கில் வைத்து, கேப்பைப் போட்டு மனுவலில் உள்ள டோர்க்குக்கு இறுக்க வேணும். கிராங்கைத் துளியும் திருப்பாமல் திரும்பக் கழட்டி, நசுங்கின இழையின் அகலத்தை உறையில் அச்சிட்ட கோடுகளோட ஒப்பிட வேணும். இழை அகலமாக இருந்தால் இடைவெளி குறைவு, ஒடுக்கமாக இருந்தால் கூட. பச்சை இழை 0.025 முதல் 0.076 மி.மீ. வரை காட்டும்.

நாலு கனெக்டிங் ராட்டில் மூன்று சரியாக வந்தது. இரண்டாவது சிலிண்டரில் மட்டும் இழை சரியாக நசுங்கவே இல்லை. உறையில் இருக்கிற கடைசிக் கோட்டை விடவும் ஒடுக்கம்.

டோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா கேட்டார்: "ஏன் தம்பி, இது மட்டும் ஒரு மாதிரி இருக்கு?"

"இழை விலகியிருக்கும் அப்பா. பேரிங் எல்லாம் புதுசுதானே."

அப்பாவுக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் பார்த்ததைச் சொன்னார். எனக்குத் தெரியும், அதனால்தான் என்னால் சாட்டுச் சொல்ல முடிந்தது. திங்கள் புது கான்ட்ராக்ட் தொடங்குது, அதுக்கு முதல் கார் ஓட வேணும் என்று இருந்தது. கேப்பை மூடினேன்.

அறுநூறு மைல் கூட ஓடவில்லை, கீழேயிருந்து தட்டுற சத்தம். கழட்டிப் பார்த்தால் பேரிங்கின் மேற்பூச்சுப் போய்ச் செம்பு தெரிஞ்சுது, ஜேர்னலில் கீறல். கிராங்க் போச்சு, அந்த ராட்டும் போச்சு.

மைக்ரோமீட்டரும் போர் கேஜும் இல்லாமல் பிளாஸ்டிகேஜை நம்பினதுதான் பிழை என்று சில பேர் சொல்லுவினம். ஜேர்னல் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் அதைப் பிடிக்க மைக்ரோமீட்டர்தான் நல்லம், உண்மை. ஆனா என்ர எஞ்சின் செத்தது கருவியால இல்லை. கருவி ஒழுங்காச் சொன்னது, நான்தான் கேட்கவில்லை. மலிவான போர் கேஜை வாங்கி, பழகாத கையால் மூன்று தசமத்துக்கு அளந்திருந்தாலும், பிடிக்காத எண்ணுக்கு இதே சாட்டைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கட வேலையிலயும் இதுதானே நடக்குது? வெள்ளி பின்னேரம் ஒரு டெஸ்ட் சிவப்பாக வந்தால், ரீரன் பண்ணுவோம். பச்சை வந்ததும் ரிலீஸ். ஏன் சிவந்தது என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை. டெஸ்ட் இருக்கு என்று பெருமைப்படுவோம், ஆனா அது எங்களை நிற்பாட்ட விடமாட்டோம். முடிவை மாற்றாத அளவை எடுக்கிறதை விட எடுக்காமல் விடலாம். எடுக்காதவருக்குக் குறைஞ்சது பயமாவது இருக்கும்.

அதுக்காகத் திரும்ப அளக்கக் கூடாது என்றில்லை. ஒவ்வொரு தடவையும் எதை மாற்றுறோம் என்று தெரிஞ்சு அளக்க வேணும். முதலில் பேரிங்கின் முதுகுப் பக்கம் தூசு இருக்கோ பாருங்கோ. பிறகு ஒரு ஜோடி பேரிங்கை மட்டும் பக்கத்து ராட்டுக்கு மாற்றிப் பாருங்கோ. கேப்பை ஒருநாளும் மாற்றக் கூடாது, ஒவ்வொரு கேப்பும் அதன் ராட்டோட சேர்த்துக் கடைஞ்சது. பிழை பேரிங்கோட போனால் பேரிங். அங்கேயே நின்றால் ஜேர்னல் அல்லது ராட், அப்ப மைக்ரோமீட்டர் வைத்திருக்கிற ஆளிட்ட போங்கோ. பச்சை இழையின் அளவுக்கு வெளியே போனால் 0.051 முதல் 0.152 வரை காட்டுற சிவப்பு இழை இருக்கு. அளவுக்கு வெளியே என்றால் "கொஞ்சம் கூட" என்று அர்த்தமில்லை. எவ்வளவு என்றே தெரியாது என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது தடவை கட்டும்போது, இழையை வைக்க முதலே மனுவலில் இருக்கிற எல்லையை மாஸ்கிங் டேப்பில் எழுதி பிளாக்கில் ஒட்டினேன். இதுக்கு வெளியே வந்தால் வேலை நிற்கும், அவ்வளவுதான். ஒரு மெயின் பேரிங் வெளியே வந்தது. கார் ஆறு கிழமை கராஜிலேயே கிடந்தது, நான் ரெயினில் வேலைக்குப் போனேன்.

உங்கட வேலையில நீங்கள் சாட்டுச் சொல்லி மூடின "கேப்" ஏதும் இருந்தால் எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில், பேர் சொல்லாமல் வாசிக்கிறோம்.